யூ.டி.ஏ. ஒன்றுக்கு 14 பவுண்டு என்றால் அது சம்பளமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய மகள் சிதம்பரத்தில் பி.டி.எஸ். படித்தவர், இங்கிலாந்துப் பதிவுக்கான ஓ.ஆர்.இ. தேர்வையும் முடித்துவிட்டார். அங்கே கடலோர ஊர் ஒன்றில் உள்ள பல் கிளினிக் அவருக்கு வேலை தருவதாக எழுதியிருக்கிறது. யூ.டி.ஏ. (பல் சிகிச்சை அலகு) ஒன்றுக்கு 14 பவுண்டு, ஆண்டுக்கு 6,000 யூ.டி.ஏ., கிரவுன், பல்செட் செய்யும் லேபின் பில் பாதிக்குப் பாதி, மாதாமாதம் சம அளவில் பணம். ‘இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். அரசு சேவைதானே, அப்படியானால் 6,000 பெருக்கல் 14, ஆண்டுக்கு 84,000 பவுண்டு அரசுச் சம்பளம் என்று எடுத்துக்கொள்ளலாமா? கையெழுத்துப் போடச் சொல்லலாமா?’ என்பது கேள்வி.

ஐயா, நீங்கள் தொகையைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது: அந்த 6,000 முடியாமல் போனால் நஷ்டம் யார் தலையில் விழும்? இங்கே அரசு மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேரும் பல் டாக்டருக்கு 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்குகிறது. அவர் அன்றைக்கு நான்கு பல் பிடுங்கினாலும் நாற்பது பிடுங்கினாலும் மாதக் கடைசியில் அதே தொகைதான். உங்கள் மனதில் இருக்கும் படம் அதுதான். உங்கள் மகளுக்கு வந்திருப்பது அந்த வகை வேலை இல்லை. புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் போகிறவர்களின் ஒப்பந்தங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துப் பார்த்துவரும் பல் மருத்துவன் என்ற முறையில், சட்டம் நிர்ணயித்தது எது, பேரத்தில் முடிவாவது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. இங்கிலாந்தில் தெருவோரம் இருக்கும் பல் கிளினிக்குகள் தனியார் தொழில்கள். கட்டடம், நாற்காலி, நர்ஸ் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. அவர் என்.எச்.எஸ்.ஸோடு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்: ஆண்டுக்கு இத்தனை யூ.டி.ஏ. செய்து தருகிறேன், அதற்கு இவ்வளவு தொகை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு ஆண்டு. தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து என்.எச்.எஸ். வணிகச் சேவை ஆணையம் மாதாமாதம் உரிமையாளருக்கு அனுப்பும். 10,000 யூ.டி.ஏ., ஒன்றுக்கு 30 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 3 லட்சம், மாதத்துக்கு 25,000 பவுண்டு. அந்த 10,000த்தில் ஒரு பகுதியை உரிமையாளர் தனக்குக் கீழ் வேலை செய்யும் அசோசியேட் டாக்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். உங்கள் மகளுக்கு வரும் 14 பவுண்டு, அந்த 30இலிருந்து உரிமையாளர் கொடுக்கும் பங்கு. அரசுக்கும் உங்கள் மகளுக்கும் இடையே பணக்கணக்கு நேரடியாக எதுவும் கிடையாது. முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகுக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு பிரியும். அசோசியேட் கணக்கும் சம்பளத்தைவிட அந்தப் பங்குக் கணக்குக்கே நெருக்கமானது. ஒரு வித்தியாசம் உண்டு: மீன் படாவிட்டால் ‘முன்பே கொடுத்ததைத் திருப்பிக் கொடு’ என்று அசோசியேட்டிடம் கேட்கும் வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

யூ.டி.ஏ. என்றால் பல் சிகிச்சை அலகு. பெயரைக் கேட்டால் ஒரு பல்லுக்கு ஒன்று, அல்லது ஒரு வேலைக்கு ஒன்று என்று தோன்றும். அப்படி இல்லை. நோயாளி வந்து, பரிசோதித்து, தேவையானதை எல்லாம் செய்து முடிக்கும் வரை ஒரு சுற்று. அந்தச் சுற்றில் செய்ததிலேயே உயர்ந்த பேண்ட் (சிகிச்சைப் படிநிலை) எதுவோ, அதற்கு மட்டும்தான் மதிப்பு. பரிசோதனை, எக்ஸ்ரே, தேவைப்பட்டால் கிளீனிங் ஆகியவை பேண்ட் 1, அதற்கு 1 யூ.டி.ஏ. பல் அடைப்பது, பிடுங்குவது, ஈறு சிகிச்சை ஆகியவை பேண்ட் 2, அதற்கு 3. கிரவுன், பிரிட்ஜ், பல்செட் என்று லேபுக்குப் போய் வரும் வேலைகள் பேண்ட் 3, அதற்கு 12. வலியோடு ஓடி வருகிறவருக்குச் செய்யும் அவசர சிகிச்சைக்கு 2025–26 நிதியாண்டு வரை 1.2. 2022 நவம்பரில் பேண்ட் 2ஐ மூன்றாக உடைத்தார்கள். சாதாரண வேலைக்குப் பழையபடி 3. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பற்களை அடைத்தாலோ பிடுங்கினாலோ, அல்லது முன்பல், முன்கடைவாய்ப்பல் ரூட் கெனால் செய்தாலோ 5. கடைவாய்ப்பல் ரூட் கெனாலுக்கு 7. அதற்கு முன்பு பதினாறு ஆண்டுகள், ஒரு சின்ன ஃபில்லிங்குக்கும் கடைவாய்ப்பல் ரூட் கெனாலுக்கும் ஒரே 3தான்.

இந்த அமைப்பு எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் இதன் கோணல் புரியும். 1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். தொடங்கியபோது பல் டாக்டர்களுக்கு வேலைக்கு வேலை கூலி: இந்த ஃபில்லிங்குக்கு இவ்வளவு, இந்தப் பிடுங்கலுக்கு இவ்வளவு. பல்செட்டுக்குக் கூட்டம் தாங்கவில்லை. 1951இலேயே பல்செட்டுக்குக் கட்டணம் வந்தது, அதை எதிர்த்து என்.எச்.எஸ்.ஸை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியை விட்டார். வேலைக்குக் கூலி என்ற முறை 2006 வரை நீடித்தது. நிறையத் துளைத்தால் நிறையக் காசு என்பதால், துளைக்கத் தேவையில்லாத பல்லும் துளைபடுகிறது என்ற குற்றச்சாட்டு அதன்மீது இருந்தது. அதை மாற்றத்தான் 2006 ஏப்ரல் 1 முதல் யூ.டி.ஏ. வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் ஒரு ஃபில்லிங்குக்கும் ஆறு ஃபில்லிங்குக்கும் ஒரே மதிப்பு என்று வைத்ததும், பல் அதிகமாகக் கெட்டுப்போனவரே கிளினிக்குக்கு நஷ்டம் என்ற நிலை வந்தது. வாய் நன்றாக இருப்பவரைப் பார்த்தால் லாபம், வாய் கெட்டவரைப் பார்த்தால் நட்டம். இந்தத் தலைகீழ்க் கணக்கு உங்கள் மகளின் வருமானத்தை நேராகப் பாதிக்கும்.

அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு கிளினிக்குகளுக்கு ஒரு யூ.டி.ஏ.வின் விலை ஏன் வேறாக இருக்கிறது என்று அங்கே போகிறவர்கள் குழம்புவார்கள். 2004 அக்டோபர் முதல் 2005 செப்டம்பர் வரை ஒவ்வொரு கிளினிக்கும் பழைய முறையில் எவ்வளவு வேலை செய்து எவ்வளவு வாங்கியது என்று பார்த்து, அதை வைத்தே விலையைக் கட்டினார்கள். அந்த ஓராண்டின் நிழல் இன்னும் விலகவில்லை. கீழ்மட்ட விலையை 2022 அக்டோபரில் 23 பவுண்டாகவும், 2024 ஏப்ரலில் 28 பவுண்டாகவும் உயர்த்தினார்கள். ஆகவே உங்கள் மகளுக்கு 14 தரும் உரிமையாளர் குறைந்தது அதைப் போல் இரண்டு மடங்கு வாங்குகிறார். இதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். நர்ஸ், வரவேற்பாளர், கருவி சுத்திகரிப்பு, வாடகை எல்லாம் அந்த மீதியில்தான் நடக்கிறது. ரூட் கெனால் ஃபைல்களை அங்கே ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியதும் எறிந்துவிட வேண்டும். இங்கே ஆட்டோகிளேவ் செய்து மறுபடி எடுக்கும் பழக்கம் அங்கே 2007 முதல் கிடையாது. அந்தச் செலவும் அவருடையதுதான்.

நோயாளி கட்டும் பணத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. 2025–26 நிதியாண்டில் பேண்ட் 1க்கு 27.40, பேண்ட் 2க்கு 75.30, பேண்ட் 3க்கு 326.70 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. 18 வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், குழந்தை பெற்று ஓராண்டு ஆகாதவர்கள், சில அரசு உதவித்தொகை பெறுவோர் கட்ட வேண்டியதில்லை. இந்தப் பணத்தைக் கிளினிக்தான் கவுண்டரில் வாங்குகிறது. ஆனால் அது கூடுதல் வருமானம் ஆகாது. மாதாமாதம் என்.எச்.எஸ். அனுப்பும் தொகையில் அதே அளவு கழித்துக்கொள்வார்கள். ‘நோயாளி 326 பவுண்டு கொடுத்தாரே, எனக்கு ஏன் 168தான்?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 12 யூ.டி.ஏ. பெருக்கல் 14, அவ்வளவே.

இப்போது 6,000 என்ற எண்ணுக்கு வருவோம். பேரம் பேசும்போது எல்லோரும் 14ஐ 15 ஆக்கப் பார்ப்பார்கள். 6,000ஐ யாரும் தொடுவதில்லை. அதைத்தான் முதலில் தொட வேண்டும். ஆண்டில் 52 வாரம், ஆறு வாரம் விடுப்பு, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 230 நாள். பொது விடுமுறை எட்டைக் கழித்தால் 222. 6,000ஐ 222ஆல் வகுத்தால் நாளுக்கு 27 யூ.டி.ஏ. பரிசோதனைக்கு 20 நிமிடம் என்று வையுங்கள்: 1 யூ.டி.ஏ. இன்னொருவருக்குப் பரிசோதனையில் ஒரு சொத்தை தெரிகிறது, இன்னொரு நாள் வரச் சொல்லி 40 நிமிடத்தில் அடைக்கிறார். பரிசோதனைக்கு 1, அடைத்ததற்கு 3, மொத்தம் 4 என்று கணக்குப் போடக் கூடாது. ஒரே சுற்று என்பதால் மொத்தமே 3. ஆக 60 நிமிடத்துக்கு 3. எப்படிப் பார்த்தாலும் ஒரு யூ.டி.ஏ.வுக்கு 20 நிமிடம். நாளுக்கு 27 என்றால் 540 நிமிடம், ஒன்பது மணி நேரம். கிளினிக் நாற்காலியில் நோயாளி இருக்கும் நேரம் ஒரு நாளைக்கு ஏழு மணிதான் என்றால், இந்த வேகத்தில் 21தான் முடியும். ஆண்டுக்கு 4,662. 6,000ஐ எட்ட வேண்டுமானால் யூ.டி.ஏ.வுக்குப் பதினைந்து நிமிடம் என்ற வேகம் வேண்டும். பத்தாண்டு அங்கேயே பழகிய கை, கூடவே பழகிய நர்ஸ், வாய் சுமாராக நன்றாக இருக்கும் நோயாளிகள், இந்த மூன்றும் சேர்ந்தால் முடியும். முதல் ஆண்டில், ஊரும் கம்ப்யூட்டரும் உச்சரிப்பும் புதிதாக இருக்கும்போது முடியாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரே ஒரு நோயாளியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஐந்து ஆண்டாகப் பல் டாக்டரையே பார்க்காதவர், வயது நாற்பது. கடலோர ஊர்களில் இப்படிப்பட்டவர்கள்தான் வரிசையில் அதிகம், ஏனென்றால் அங்கே என்.எச்.எஸ். டாக்டர் கிடைக்காமல் பல ஆண்டு காத்திருந்திருப்பார்கள். பரிசோதனை, எக்ஸ்ரே, ஈறு அளவெடுப்பு எல்லாம் சேர்த்து அரை மணி. ஆறு பல் அடைக்க வேண்டும், மூன்று வருகையில் நாற்பது நாற்பது நிமிடம். ஈறுக்கு ஆழமான கிளீனிங் இன்னொரு நாற்பது. மொத்தம் 190 நிமிடம். 2025–26 விதிப்படி கிடைப்பது 5 யூ.டி.ஏ., 70 பவுண்டு. ஒரு யூ.டி.ஏ.வுக்கு 38 நிமிடம் போய்விட்டது. இதே வாயில் மேல் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு ரூட் கெனாலும் வேண்டும் என்றால் 5ம் 7ம் சேர்ந்து 12 ஆகாது, 7 மட்டுமே. அந்தப் பல்லில் நான்காவது கால்வாயைத் தேடிக் கண்டுபிடித்து, நீளம் அளந்து, இரண்டு வருகையில் முடிக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலதிகமாக வருவது 2 யூ.டி.ஏ., அதாவது 28 பவுண்டு. அதற்கு மேல் கிரவுனும் போட்டால் எல்லாம் சேர்த்து 12. அப்போது லேப் பில் வரும். பில் 60 பவுண்டு என்றால் பாதி 30 உங்கள் மகளுடையது, 168இலிருந்து கழியும். ஒரு கிரவுனுக்கும் 12தான், மூன்று கிரவுனுக்கும் 12தான். மூன்று போட்டால் லேப் பில் மட்டும் மும்மடங்கு.

வராமல் போகிறவர்கள் வேறு. நேரம் வாங்கிவிட்டு வராத என்.எச்.எஸ். நோயாளியிடம் அபராதம் வாங்க 2006க்குப் பிறகு அனுமதி இல்லை. அந்த நாற்பது நிமிடம் வெறுமையாகப் போனால் கிளினிக்குக்கும் இல்லை, உங்கள் மகளுக்கும் இல்லை.

செய்த வேலையும் கைநழுவும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எஃப்.பி.17 என்ற படிவத்தைக் கம்ப்யூட்டரில் அனுப்ப வேண்டும். முடிந்த தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேராவிட்டால் யூ.டி.ஏ. பூஜ்ஜியம். நோயாளி கட்டிய கட்டணத்தை மட்டும் அவர்கள் தவறாமல் கழித்துக்கொள்வார்கள். கடைசி வருகை முடிந்தும் ‘சிகிச்சை முடிந்தது’ என்று குறிக்காமல் விட்டுவிடுவதுதான் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகம் செய்யும் பிழை. வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை மாலை என்று வைத்துக்கொண்டு, திறந்தே கிடக்கும் சுற்றுகளின் பட்டியலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதாந்தர அறிக்கையில் டாக்டர் பெயருக்கு நேரே எத்தனை யூ.டி.ஏ. ஏறியிருக்கிறது என்று வரும். அதைத் தன் சொந்த நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, கையெழுத்துக்கு முன் நீங்கள் கண்ணை வைக்க வேண்டிய இடம். உங்களுக்குப் பிடித்த வரி ‘மாதாமாதம் சம அளவில் பணம்’ என்பது. எனக்குப் பயம் தரும் வரியும் அதுவே. மாதம் 7,000 பவுண்டு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். அது முன்பணம். ஆண்டு முடிவில் 6,000க்குப் பதில் 4,662 முடிந்திருந்தால் குறைந்த 1,338க்குக் கொடுத்த பணம் திரும்பப் போக வேண்டும். 14 வீதம் என்றால் 18,732 பவுண்டு. இதுவரை நியாயம், செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் அது. ஆனால் சில ஒப்பந்தங்களில் இன்னொரு வரி இருக்கும்: குறைந்த யூ.டி.ஏ.வுக்குக் கிளினிக் என்.எச்.எஸ்.ஸுக்குத் திருப்பிக் கட்டும் முழு விலையை அசோசியேட் ஈடுகட்ட வேண்டும் என்று. கிளினிக்கின் விலை 30 என்றால் 1,338 பெருக்கல் 30, 40,140 பவுண்டு. கையில் வாங்கியதே 14 வீதம், திருப்பிக் கொடுப்பது 30 வீதம். உரிமையாளர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: அந்த நாற்காலிக்கு நர்ஸ் சம்பளமும் வாடகையும் அவர் ஏற்கெனவே செலவழித்துவிட்டார். ஆனாலும் புதிதாக வரும் ஒரு டாக்டர் தலையில் ஏற்றக்கூடிய சுமை அது இல்லை. அந்த வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மாட்டேன் என்றால் அந்த இடம் வேண்டாம்.

கிளினிக்குக்கு என்.எச்.எஸ். கொடுக்கும் சலுகையும் தெரிந்திருக்கட்டும். ஒப்பந்த எண்ணில் 96 சதவீதத்தை எட்டிவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கமாட்டார்கள், மீதி 4 சதவீதத்தை அடுத்த ஆண்டில் செய்து முடிக்கலாம். 96க்குக் கீழே போனால், எத்தனை யூ.டி.ஏ. குறைந்ததோ அத்தனைக்கும் பணம் திரும்பப் போகும். இந்த 4 சதவீதத் தளர்வு உரிமையாளருக்குச் சட்டப்படி உண்டு. அசோசியேட்டுக்கு அவர் ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. மறுபக்கம், எண்ணைத் தாண்டிச் செய்த வேலைக்குத் தானாகப் பணம் வராது. ‘மார்ச்சில் நிறையச் செய்து ஈடுகட்டிவிடலாம்’ என்று மூன்று மாதம் தள்ளிப் போடுகிறவர்கள் பிப்ரவரியில் திணறுவார்கள்.

என் பரிந்துரை இது. முதல் ஆறு மாதம், முடித்த யூ.டி.ஏ.வுக்கு மட்டும் பணம் என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் மாதங்களில் கையில் குறைவாகத்தான் வரும். ஆனால் கடன் ஏறாது. அல்லது நாளுக்கு இவ்வளவு என்ற நிலையான தொகையை, திரும்பக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, சில மாதங்களுக்குக் கேட்கலாம். டாக்டர் தட்டுப்பாடு இருக்கும் ஊர்களில் இதற்கு இணங்குகிறார்கள். அங்கே பேரம் பேசும் பலம் உங்கள் மகள் பக்கம்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம், வேகமாக. என்.எச்.எஸ். நோயாளியைப் பார்க்க ஜி.டி.சி. என்ற பொதுப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவு மட்டும் போதாது, செயல்படுவோர் பட்டியலில் எண் வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அதற்கு முன் ஒரு மேற்பார்வைக் காலம் இருக்கும். அந்தக் காலத்தில் மேற்பார்வையாளருக்கென்று உங்கள் மகள் பங்கில் பிடித்தம் உண்டா, எத்தனை மாதம், அப்போது இலக்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். விசாவுக்குக் கிளினிக் ஸ்பான்சர் செய்கிறது என்றால், ஸ்பான்சர் சான்றில் எழுதும் ஆண்டுத் தொகையும் ஒப்பந்தத்தில் உண்மையில் வரப்போகும் பணமும் முரண்படக் கூடாது. இந்த விசா விஷயத்தில் என் சொல் கடைசிச் சொல் ஆகாது, குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டியே தீர வேண்டும். ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் படித்துப் பார்த்துச் சொல்வார்கள்.

வரியை மறந்துவிடக் கூடாது. அசோசியேட் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர் கணக்கில் வருவார். நோய்வாய்ப்பட்டால் பணம் இல்லை, விடுமுறைக்குப் பணம் இல்லை, வரியை யாரும் பிடித்துக் கட்டமாட்டார்கள். 4,662 யூ.டி.ஏ.வுக்கு 65,268 பவுண்டு வந்து, லேப், காப்பீடு, பதிவுக் கட்டணம் போக 60,000 மிஞ்சுகிறது என்றால், வருமான வரியும் தேசியக் காப்பீடும் சேர்ந்து ஏறத்தாழ 13,900. இது முதல் ஜனவரி 31 அன்று மொத்தமாக வந்து நிற்கும். அதோடு, அடுத்த ஆண்டுக்கான முன்பணம் என்று அதில் பாதியையும் அன்றே கட்டச் சொல்வார்கள், கிட்டத்தட்ட 21,000. வந்த பணத்தையெல்லாம் கல்விக் கடனை அடைக்க ஊருக்கு அனுப்பிவிட்டு ஜனவரியில் கையைப் பிசைகிறவர்கள் இருக்கிறார்கள். மாதாமாதம் மூன்றில் ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்கிவிட வேண்டும், அதைத் தொடக் கூடாது.

பணநெருக்கடி வரும்போது மூன்று தவறான வழிகள் எதிரே வந்து நிற்கும். உங்கள் மகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். ஒரே சுற்றில் முடிக்க வேண்டியதை இரண்டு சுற்றாக உடைத்து இரண்டு தடவை யூ.டி.ஏ. கேட்பது முதல் வழி. 28 நாளுக்குள் அதே நோயாளிக்கு மறுபடி சுற்று திறந்தால் வணிகச் சேவை ஆணையத்தின் கம்ப்யூட்டர் அதைத் தனியாக எடுத்துக் காட்டும், விசாரணை ஜி.டி.சி. வரை போகலாம். நல்ல வாய் உள்ளவர்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லிச் சுலபமாக 1 யூ.டி.ஏ. சேர்ப்பது இரண்டாவது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2004 வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு இடைவெளி மூன்று மாதம் முதல் இருபத்துநான்கு மாதம் வரை, அவரவர் வாயின் ஆபத்தைப் பொறுத்து. மூன்றாவதும் மோசமானதும், ‘ரூட் கெனால் என்.எச்.எஸ்.ஸில் கிடையாது, தனியாகப் பணம் கட்டுங்கள், இல்லையேல் பிடுங்கிவிடலாம்’ என்று சொல்வது. அது பொய். நோயாளி விருப்பப்பட்டுத் தனியார் சிகிச்சையைக் கலந்து எடுக்கலாம், ஆனால் எது என்.எச்.எஸ்., எது தனியார், எவ்வளவு என்று எழுத்தில் கொடுத்து அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். காப்பாற்றக்கூடிய பல்லைக் கணக்குக்காகப் பிடுங்கக் கூடாது. எந்த ஊரில் இருந்தாலும் இதில் எனக்கு வேறு பேச்சில்லை.

கைப்பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே கிளினிக்குகளில் எல்லாமே பல் நிறக் காம்போசிட் ஆகிவிட்டது. அங்கே என்.எச்.எஸ்.ஸில் கடைவாய்ப்பல்லுக்கு வெள்ளி நிற அமால்கம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் மட்டும் 2018 ஜூலை முதல் கட்டுப்பாடு. நன்றாகக் கைவந்தவர் அமால்கத்தை இருபது நிமிடத்தில் முடிப்பார், காம்போசிட்டை ஈரம் படாமல் அடுக்கடுக்காகப் போட நாற்பது நிமிடம் ஆகும். யூ.டி.ஏ. இரண்டுக்கும் ஒன்றே. போவதற்கு முன் கல்லூரிப் பல் மருத்துவமனையில் ஒரு மாதம் அமால்கம் போட்டுக் கையைப் பழக்கிக்கொண்டால், 14ஐ 15 ஆக்குவதைவிட அது அதிகம் உதவும்.

நான் சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் யூ.டி.ஏ.வே கிடையாது, வேலைக்கு வேலை கட்டணம். 2023 நவம்பரில் அந்தப் பட்டியலை நானூறுக்கும் மேற்பட்ட இனங்களிலிருந்து 45ஆகச் சுருக்கினார்கள். அங்கிருந்து ஒரு வாய்ப்பு வந்தால் இந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது.

14 பவுண்டு நல்ல விலையா என்பதற்குச் சட்டம் எந்த எண்ணும் வைக்கவில்லை. என் கண்ணுக்கு அது முதல் ஆண்டுக்கு ஏற்கத்தக்க விலை. ஆகவே உங்கள் மகள் பதில் கடிதத்தில் விலையைப் பற்றி எழுத வேண்டாம். மூன்றைக் கேட்கட்டும்: அந்த அறையில் இதற்கு முன் வேலை செய்த டாக்டர் கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் உண்மையில் முடித்த யூ.டி.ஏ. எத்தனை; அதில் பேண்ட் 1 எத்தனை பங்கு; குறைந்தால் எந்த விலையில், எந்தத் தேதியில் திரும்பப் பிடிப்பார்கள். முன்னவர் 5,800 செய்திருந்து, பாதிக்கு மேல் பேண்ட் 1ஆக இருந்தால் 6,000 பேசத் தக்க எண். முன்னவர் 4,000தான் செய்திருந்தால், இலக்கை 4,500க்கு இறக்கி, ஆறு மாதம் கழித்து உயர்த்திக்கொள்ளலாம் என்று எழுதட்டும். அந்தப் பழைய எண்ணைச் சொல்ல மறுக்கிறார்கள் என்றால், முடித்த வேலைக்கு மட்டும் பணம் என்பதற்குக் குறைந்த எதற்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.